எத்திராஜ் காப்பர் டீ ஸ்டால் பெயரை மாற்றச் சொன்ன அறிவிப்பை விலக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நா. எத்திராஜ் (வயது 41),
த/பெ. நாகையா,
எத்திராஜ் காப்பர் டீ ஸ்டால்,
தடா சாலை, எருக்கங்கண்டிகை கிராமம்,
சத்தியவேடு வழி, திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலர் அவர்கள்,
திருப்பதி.

பொருள்: டீக்கடைப் பெயர் – கருத்தடைச் சாதனத்தின் பெயரோடு ஒத்துப்போனது – பொதுமக்கள் குழப்பம் – பெயர்ப் பலகையை அகற்றுமாறு அறிவிப்பு – அதை விலக்கவும், கருத்தடை முறைகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து என் கடைக் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேற்கண்ட முகவரியில் நான் டீக்கடை நடத்தி வருகிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று என் மனைவி தாட்சாயணி கருதுகிறார். கடந்த சில வாரங்களாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைப் பார்த்தால், இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதில் சந்தேகம் இருப்பதாகத் தெரிகிறது.

தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். தெலுங்கில் வியாபாரம் செய்வேன், சண்டை போடுவேன், சமாதானமும் ஆவேன். மனு எழுதும் அளவுக்கு வராது. தெலுங்குப் பிரதியைக் கீர்த்தி என்பவர் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறார். அவர் யார் என்பது கீழே வரும்.

2. என் கடையில் செம்பு பாய்லர் இருக்கிறது. செம்பு டம்ளரில்தான் டீ தருகிறேன். காஞ்சிபுரம் போகும் வழியில் ஒரு கடையில் இப்படிக் குடித்துப் பார்த்து, பிடித்துப்போய், கடன் வாங்கி பாய்லரை இறக்கினேன். அதனால் பலகையில் ‘எத்திராஜ் காப்பர் டீ’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்தேன். இதில் வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. அப்படி ஒரு கருத்தடைச் சாதனம் உலகத்தில் இருப்பதே அன்று எனக்குத் தெரியாது. தாட்சாயணிக்குத் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நான் கேட்கவில்லை என்று பதில் சொன்னார்.

3. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் என் கடைக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம் உள்ளது. சென்ற மாதம் அங்கிருந்து குடும்பநலப் பிரசாரம் தொடங்கினார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று காலையிலும் மாலையிலும், தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும், கீழ்க்கண்டவாறு கூவிக்கொண்டு போனது:

“காப்பர் டி போட்டுக்கொள்ளுங்கள்! முற்றிலும் இலவசம்! பத்து வருடம் நிம்மதி! இன்றே வாருங்கள், தடா சாலை, எருக்கங்கண்டிகை!”

ஐயா, அவர்களுடைய ‘டி’ குறில், என்னுடைய ‘டீ’ நெடில். ஒலிபெருக்கியில் குறிலும் இல்லை, நெடிலும் இல்லை, இரைச்சல்தான் இருக்கிறது. அதோடு ‘போடுவது’ என்ற சொல் எங்கள் தொழிலுக்கும் உரியது. நாங்கள் டீ போடுகிறோம், அவர்கள் டி போடுகிறார்கள். இது போதாதென்று, சுகாதார நிலையத்துக்கு வழி காட்ட ஒரு அம்புக்குறிப் பலகையைச் சாலையோரப் புங்க மரத்தில் ஒற்றை ஆணியில் மாட்டினார்கள். முதல் காற்றிலேயே அது திரும்பி என் பாய்லரைக் காட்டத் தொடங்கியது.

4. அன்றிலிருந்து வந்தவர்கள் பலவிதம். ஒருவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இலவசம் என்று நடக்கத் தொடங்கினார். ஒரு பெண்மணி பலகையில் உள்ள என் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, வலிக்குமா என்று கேட்டார். ஆற வைத்துக் குடித்தால் நாக்கு வலிக்காது என்று நான் பொறுப்போடு பதில் சொன்னேன். அவர் இணைப்பைத் துண்டித்தார்.

5. இனி முக்கியமான சம்பவம். எங்கள் தெருவில் இருக்கும் கிரண்குமார், தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். கூச்ச சுபாவம் உள்ள நல்ல பிள்ளை. திருமணமாகி ஒரு வருடம் ஆகிறது. மனைவிதான் மேலே சொன்ன கீர்த்தி. ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் காலையில், கம்பெனி பஸ் வரும் முன், மற்றவர்கள் எல்லாம் போகும்வரை காத்திருந்துவிட்டு, கிரண்குமார் என் காதருகே வந்து பேசினார். இருவரும் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் தருகிறேன். என் மேல் தவறு உண்டா என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

“அண்ணா, காப்பர் டீ இங்கதான?”

“இங்கதான்பா. பலகையே இருக்குதே.”

“ஒண்ணர வருஷத்துக்கு வேணாம்னு இருக்கோம்ணா. கீர்த்தி பரீட்சைக்குப் படிச்சினு இருக்குது.”

எது வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. டிவியாக இருக்கும் என்று நினைத்தேன். படிக்கிற பெண்ணுக்கு டீ வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

“நல்லதுபா. பிளாஸ்க் எட்த்துனு வா.”

“பிளாஸ்க்லயா குடுப்பீங்க? எவ்ளோ நாள்ணா தாங்கும்?”

“நாளா? சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.”

“அவ்ளோதானா? ஆட்டோல பத்து வருஷம்னு சொன்னாங்களே?”

“ஆட்டோக்காரன் ஆயிரம் சொல்லுவான். நீ தெனம் வந்து வாங்கினு போ.”

“ஒடம்புக்கு எதுனா பண்ணுமாண்ணா?”

“வெறும் வயித்துல குட்ச்சா எரியும். ரெண்டு பிஸ்கட் துன்னுட்டு குடிக்கச் சொல்லு.”

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஒரு டீக்கு இவ்வளவு உருக்கமாக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

6. அதன் பின் கிரண்குமார் ஒரு நாள் தவறாமல் பிளாஸ்க்கோடு வந்தார். கீர்த்திக்கோ இந்த விஷயமே தெரியாது. புருஷன் காலையில் எழுந்து தனக்காக டீ வாங்கி வருகிறாரே என்று பூரித்துப்போய், தன் அக்காவிடம் எல்லாம் போனில் சொல்லியிருக்கிறார். இப்படியே போய்க்கொண்டிருக்கையில் அவருக்கு நாள் தள்ளிப்போனது. தேர்வு நெருங்கும் நேரம். பயந்துபோய்ச் சமையலறையில் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்குக் கிரண்குமார் தெருவுக்கே கேட்கும்படி, “எப்டி ஆவும்? நான்தான் தெனம் காப்பர் டீ குடுத்துகினு இருக்கேனே!” என்று கத்தியிருக்கிறார்.

கீர்த்தி பிளாஸ்க்கைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே நடந்தது அவர்கள் குடும்ப விஷயம், எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிரண்குமாரின் தாயார் கமலம்மா அவர்கள் காதில் ‘காப்பர் டீ’ என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. பேரப்பிள்ளையைக் கேட்டு காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருப்பவர் அவர். கீரையை அப்படியே போட்டுவிட்டு என் கடைக்கு வந்தார்.

7. கடையில் கூட்டமான நேரம். எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“இன்னாபா எத்திராஜு, எம் மருமவளுக்கு நீ காப்பர் டி போட்டியாமே?”

“ஆமாம்மா. தெனம் போட்டுக் குடுக்கறேன்.”

“தெனமா! அடப்பாவி, இப்பவே எட்த்து வுடு!”

“குட்ச்சத எப்டிமா எடுக்கிறது?”

ஐயா, இந்த உரையாடலில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் கமலம்மா அவர்கள் என் வடிகட்டியைப் பிடுங்கிச் சாலையில் எறிந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் அனைவரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தாங்கள் இதுவரை எத்தனை குடித்தோம் என்று கணக்குப் போடத் தொடங்கினார்கள். எங்கள் ஊர் பாலையா, மூன்று பேரப்பிள்ளைகள் எடுத்தவர், “எனக்கும் எதுனா ஆவுமா?” என்று கவலையோடு கேட்டார்.

8. கூச்சல் கேட்டு எதிரே இருந்து நர்ஸ் சிவசங்கரி அவர்களும், ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர் செல்லியம்மா அவர்களும் ஓடி வந்தார்கள். பின்னாலேயே கீர்த்தியும், அவருக்கு நாலடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு கிரண்குமாரும் வந்தார்கள். நர்ஸ் அம்மா யாரையும் திட்டவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலில் கீர்த்தியை மட்டும் உள்ளே அழைத்துப்போய்ப் பரிசோதனை செய்தார். கர்ப்பம் இல்லை, தேர்வுக் கவலையில்கூட நாள் தள்ளிப்போகலாம், இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி வரச்சொன்னார் என்று கீர்த்தி வெளியே வந்து சொன்னபோது, கிரண்குமார் என் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் போட்டுக் கொடுத்த டீயால் ஒரு பெண்ணின் படிப்பு போயிருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது.

அப்போது கீர்த்தி, “எனக்குத் தெரியும் மேடம். இவருக்குச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க. அத்தையும் கேக்கட்டும்” என்றார்.

9. அன்று தடுப்பூசி நாள் என்பதால் உள்ளே இடம் இல்லை. ஆகவே என் கடை பெஞ்சின் மேலேயே நர்ஸ் அம்மா தன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காப்பர் டி என்பது தீக்குச்சியைவிடச் சிறியது. அதைப் பயிற்சி பெற்ற நர்ஸோ மருத்துவரோ கர்ப்பப்பையில் வைப்பார்கள். வகையைப் பொறுத்து ஐந்து வருடமோ பத்து வருடமோ வேலை செய்யும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துவிடலாம், எடுத்த பின் குழந்தை பெறலாம். டீயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அவர் என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

பிறகு ஆணுறை, அது நோய்த்தொற்றையும் தடுக்கும். தினமும் சாப்பிடும் மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. அடுத்து இன்னொரு மாத்திரையைக் கையில் எடுத்து, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்று சொல்லி, “இதுக்குப் பேரு சாயா” என்றார்.

ஐயா, கருத்தடை மாத்திரைக்குச் ‘சாயா’ என்று பெயர் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்தியில் நிழல் என்று அர்த்தமாம். மரியாதைக்குரிய தங்கள் துறைக்கு எங்களைப் போன்ற டீக்கடைக்காரர்கள் மேல் ஏதேனும் பழைய கோபம் உண்டா என்று மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் அதே நொடியில் ஒரு கேரளா லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, “சேட்டா, ரெண்டு சாயா!” என்றார்.

செல்லியம்மா அவர்கள் கடமை தவறாதவர். உடனே எழுந்து கேட்டார்.

“யாருக்குபா? வூட்டுக்காரம்மாவுக்கா? கைக்கொழந்த இருக்குதா?”

“எனிக்கும் கிளீனருக்கும்.”

“ஆம்பளைங்களுக்கு அது குடுக்கறதில்லபா.”

ஓட்டுநர் என்னையும் பாய்லரையும் பெஞ்சின் மேல் விரித்து வைத்திருந்த சாமான்களையும் மாறி மாறிப் பார்த்தார். டீ குடிக்காமலே வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஆந்திராவில் ஆண்களுக்கு டீ கிடையாது என்ற செய்தி இந்நேரம் பாலக்காடு வரை போயிருக்கும்.

10. கடைசியாக நர்ஸ் அம்மா, பெண்களுக்கான அறுவை சிகிச்சை, ஆண்களுக்கான அறுவை சிகிச்சை இரண்டையும் சொன்னார். “எல்லாருக்கும் ஒண்ணே ஒத்து வராது. ஒடம்பப் பாத்து, அவங்கவங்க இஷ்டப்படிதான் எடுத்துக்கணும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது” என்றார். கீர்த்தி எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவருடைய விஷயம். அதை இங்கே எழுத மாட்டேன். தெலுங்குப் பிரதியை அவரே எழுதுவதால் எழுதவும் முடியாது.

கமலம்மா அவர்கள் மாதிரிக்கு வைத்திருந்த காப்பர் டி-யை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இத்துனூண்டா? இதுக்கா சண்டைக்கு வந்தேன்?” என்றார். பிறகு குரல் இறங்கி, “இவ்ளோ வழி இருந்துதா? எனக்கு வருஷம் ஒண்ணு பொறந்துது. இருந்தது பாதி, போனது பாதி. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே” என்றார். செல்லியம்மா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். சற்று நேரம் கழித்துக் கமலம்மா எழுந்து, “நீ மொதல்ல பரீட்ச எழுது” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, என் வடிகட்டியைச் சாலையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். நசுங்கியிருந்தது. தட்டி நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

11. விஷயம் இப்படி நல்லபடியாக முடிந்திருக்க, மறுநாளே என் கதவில் மேற்படி அறிவிப்பு ஒட்டப்பட்டது. மருத்துவச் சாதனத்தின் பெயரில் பானம் விற்றுப் பொதுமக்களைத் தவறாக வழிநடத்துகிறேனாம். பலகையை அகற்ற வேண்டுமாம். அறிவிப்பில் கையெழுத்திட்ட மருத்துவ அலுவலர் அவர்கள் தினமும் என் கடையில்தான் டீ குடிக்கிறார். ஒட்டிய அன்றும் குடித்தார். அவர் நல்ல மனிதர். மேலிடத்தில் கேட்பார்கள் என்று பயப்படுகிறார். அந்தச் சாதனம் நான் பிறப்பதற்கு முன்பே வந்தது, ஆகவே பெயரில் அதற்கே முன்னுரிமை என்று என்னிடம் விளக்கினார். டீ அதற்கும் முன்பே வந்தது என்று நான் பணிவுடன் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சர்க்கரை குறைவாக இன்னொன்று கேட்டார்.

இதற்கிடையில் நகரிப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு டீ போட என்னை அழைத்திருந்தவர்கள், பெண் வீட்டார் பயப்படுகிறார்கள் என்று சொல்லி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். புதிதாகத் திருமணமானவர்கள் என் கடையைத் தாண்டும்போது சாலையின் அந்த ஓரமாக நடக்கிறார்கள். என் மகள் பரணியைப் பள்ளியில் காப்பர் டீ என்றே கூப்பிடுகிறார்களாம். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் படுகிறேன்.

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அறிவிப்பை விலக்க வேண்டும். பெயரை மாற்றினால் தவறு செய்தவன் ஓடி ஒளிந்ததாகவே ஊர் பேசும். வேண்டுமானால் பலகையின் கீழே ‘இது குடிக்கும் டீ மட்டுமே’ என்று என் செலவில் எழுதி வைக்கத் தயாராக இருக்கிறேன்.

அம்புக்குறிப் பலகைக்கு இரண்டாவது ஆணி அடிக்க வேண்டும். ஆணி என்னிடம் உள்ளது. அரசுப் பலகையில் நான் அடிக்கலாமா என்பதற்கு அனுமதி மட்டும் தேவை.

ஆட்டோவில் பெயரை மட்டும் கூவாமல், அது என்ன, எங்கே வைப்பது, யார் வைப்பது என்று தெலுங்கோடு தமிழிலும் விளக்கிச் சொல்ல வேண்டும். எல்லை ஓரத்தில் இருக்கிறோம். எங்களுக்கு இரண்டு மொழியும் காதில் விழும், வெட்கப்படுகிற விஷயம் மட்டும் வீட்டு மொழியில் சொன்னால்தான் புரியும்.

13. இறுதியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். அன்று நர்ஸ் அம்மா பேசியதை எல்லாம் தாட்சாயணி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறார். கடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் என்னிடம் சொன்னார்: “ரெண்டு கொழந்தையும் எனக்கு வயித்தக் கீறிதான் எடுத்தாங்க. இனிமே கத்தி ஒங்க பக்கம்.”

எனக்கும் அது நியாயம் என்றுதான் படுகிறது. ஆண்களுக்கான சிகிச்சை சின்னதுதான், அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்து சரி என்று சொல்லும்வரை வேறு தடுப்பு வேண்டும் என்று நர்ஸ் அம்மா சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் எனக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன. எத்தனை நாள் கழித்துப் பால் கேனைத் தூக்கலாம், பாய்லர் முன் நிற்கலாமா, இன்னும் இரண்டு கேள்விகள் இங்கே எழுத முடியாதவை. எதிரே போய்க் கேட்கலாம்தான். ஆனால் நான் சாலையைக் கடந்தாலே பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விகள் உண்டு என்பது அவர்கள் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது.

எனவே, தமிழ் தெரிந்த ஆண் மருத்துவர் ஒருவரை எங்கள் ஊருக்கு அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்களிடம் மட்டும் ஒரு நாள் பேச ஏற்பாடு செய்யுமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆளாக நான் வருவேன். வழியில் திரும்பிவிடாமல் இருக்க தாட்சாயணி வாசல்வரை கூட வருவார்.

இடம்: எருக்கங்கண்டிகை
நாள்: 18.08.2025

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நா. எத்திராஜ்

மேற்கண்டவை உண்மை. வாசல்வரை அல்ல, உள்ளேயும் வருவேன்.
(ஒப்பம்)
எ. தாட்சாயணி